தாத்தா இரட்டைமலை சீனிவாசன் கேட்ட கணக்கு

திருவொற்றியூர் காலடிப்பேட்டைப் பக்கம் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளோடு நாம் பேசிக்கொண்டிருந்தோம். கையில் அன்றைய நாளிதழ். வடசென்னையில் கடந்த ஆண்டு எத்தனை கொலை, எத்தனை வழிப்பறி, எத்தனை பேர் ரவுடிப் பட்டியலில் என்று ஒரு செய்தி. கல்லூரியில் முதலாண்டு படிக்கும் ஒரு மாணவி அதைப் படித்துவிட்டு ஒன்று கேட்டார். நம் தெருப் பையன்கள் செய்வதாகச் சொல்லும் குற்றத்துக்குக் கணக்கு இருக்கிறது. நம் மீது செய்யப்படும் குற்றத்துக்குக் கணக்கு எங்கே இருக்கிறது என்று.

வேலைக்குப் போகும் இடத்தில் முகவரியைச் சொன்னதும் முகம் மாறுவதைப் பார்த்த பிள்ளைகளுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். மீன்பிடித் துறை, துறைமுகம், எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓயாத கன்டெய்னர் லாரிகள், ஆலைச் சங்கு என்று உழைத்தே வாழ்ந்த வட்டாரம் இது. சினிமாவும் செய்தியும் சேர்ந்து இதைக் குற்றப் பூமியாக்கி வைத்திருக்கின்றன. அந்த மாணவிக்குச் சொன்ன பதிலைத்தான் இந்த வாரம் எழுதுகிறோம். பதில் ஓட்டேரியில் உறங்கும் ஒரு மனிதரின் வாழ்க்கையிலிருந்து தொடங்குகிறது. அவரை நாம் தாத்தா என்றே அழைத்துப் பழகியிருக்கிறோம்.

இரட்டைமலை சீனிவாசன் 1859 ஜூலை 7 அன்று மதுராந்தகம் அருகே கோழியாளம் கிராமத்தில் பிறந்தார். குடும்பம் பிழைப்புத் தேடி இடம் பெயர, கோயம்புத்தூரில் படித்தார். பள்ளி விட்டதும் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட மாட்டார். சேர்ந்து விளையாடினால் வீடு எங்கே என்று கேட்பார்கள், என்ன சாதி என்று தெரிந்துவிடும் என்ற பயம். முகவரியைச் சொல்லத் தயங்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை.

படிப்பு முடிந்து நீலகிரிக்குப் போனார். ஐரோப்பியர் வணிக நிலையங்களில் சுமார் பத்து ஆண்டு கணக்கராக வேலை பார்த்தார். வரவு எது, செலவு எது, எழுதாமல் விட்டது எது என்று பார்ப்பதே அன்றாட வேலை. 1890இல் சென்னைக்கு வந்தவர், 1891இல் பறையர் மகாஜன சபையை ஏற்படுத்தினார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார்.

பெயரைப் பற்றி அப்போதே விவாதம் இருந்தது. அவரோடு மண உறவு கொண்டிருந்த அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரை ஏற்கவில்லை. எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்கிறார்களோ அதே பெயரை அச்சில் ஏற்றி நிமிர்த்தி வைக்க வேண்டும் என்பது சீனிவாசனின் நிலை. பண்டிதரோ அந்தப் பெயரையே விலக்கி, பூர்வத் தமிழர் என்று பதியச் சொன்னார். இருவர் வழியும் வேறு. இருவர் அக்கறையும் அரசின் ஏட்டில் நாம் எப்படி எழுதப்படுகிறோம் என்பதில்தான் இருந்தது.

பத்திரிகை முதலில் நான்கு பக்க மாத இதழ். விலை இரண்டணா. ராயப்பேட்டையில் இரண்டே நாளில் சுமார் 400 பிரதிகள் விற்றன. எழுத்தறிவு நமக்கு மறுக்கப்பட்டிருந்த காலம் அது என்பதை நினைவில் வைத்து இந்த எண்ணைப் பாருங்கள். மூன்று மாதத்தில் வார இதழானது. பிறகு சொந்த அச்சகமும் வந்தது. கிராமங்களிலிருந்து வரும் குறைகளை வெளியிட்டு அரசின் கவனத்துக்குக் கொண்டுபோவதே அதன் முக்கிய வேலை. அதற்காக வழக்கையும் சந்தித்தார். நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பத்திரிகை நிற்கவில்லை. 1900 வரை நடந்தது.

அதே 1893இல் இன்னொரு காரியம் செய்தார். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. அப்படி நடத்தினால் சாதி இந்துக்களே அதிகாரிகளாக வந்து நம்மை இன்னும் ஒடுக்குவார்கள் என்று சபை கருதியது. நாடாளுமன்றத்துக்கு எதிர் மனு தயாரித்தார்கள். மனுவின் நீளம் 112 அடி. கையெழுத்துப் போட்டவர்கள் 3,412 பேர். அந்தக் கோரிக்கை சரியா என்று இன்று நாம் விவாதிக்கலாம். ஆனால் பறையர் என்ன நினைக்கிறார்கள் என்று யாரும் கேட்காத நாட்டில், 3,412 பேரை ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் கையெழுத்து வாங்கியது வெறும் மனு எழுதும் வேலை இல்லை. எங்களையும் எண்ணுங்கள் என்று அரசைக் கேட்டதுதான்.

1900இல் லண்டனுக்குப் புறப்பட்டவர் வழியில் ஆப்பிரிக்காவில் தங்கிவிட நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டு பணி செய்தார். தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் மக்கள் நிறைந்திருந்த இடம் நேட்டால். கூலியின் வாய்ச்சொல் நீதிபதியின் ஏட்டில் எப்படி ஏறுகிறது, எங்கே நழுவுகிறது என்பதை நாள்தோறும் பார்க்கக் கூடிய வேலை அது. ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து, அறுபது வயதைத் தாண்டிய பிறகு ஊர் திரும்பினார். ஓய்வெடுக்கும் வயதில் அவருடைய பெரிய வேலைகள் தொடங்கின.

1923இல் சென்னை சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினராகப் போனார். அடுத்த ஆண்டே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஊரிலோ நகரத்திலோ உள்ள எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் எந்த வகுப்பினரும் நடக்கத் தடை இல்லை. பொது அலுவலகம், பொதுக் கிணறு, குளம், பொது மக்கள் கூடும் இடம் எதிலும் சாதி இந்துக்களைப் போலவே நாமும் போகலாம் என்பது அதன் சாரம். சட்டமன்றம் ஏற்றது. 1924 செப்டம்பர் 25 அன்று அரசாணையாக வெளிவந்தது. நூறு ஆண்டு கடந்துவிட்டது.

ஆணை வந்ததும் எல்லாத் தெருவும் திறந்துவிட்டதா? இல்லை. ஆணையை மீறினால் தண்டனை என்ன என்று அதில் இல்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் ஆர்.வீரையன் போன்ற உறுப்பினர்கள் சட்டமன்றத்தில் போராடி, தடுப்பவருக்கு அபராதம் என்ற விதியை உள்ளாட்சிச் சட்டத்தில் சேர்க்க வைத்தார்கள். அப்போதும் அபராதம் விதிக்க ஒருவர் புகார் தர வேண்டும். புகார் தருபவர் நிலமும் கூலியும் அந்தத் தெருக்காரர் கையில். தெரு மறுக்கப்பட்டது பல ஊர்களில். புகார் ஆனது எத்தனை என்று யார் எண்ணியது?

இந்த இடத்துக்கு விடை தேடித்தான் லண்டன் போனார் தாத்தா. 1930இல் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அழைக்கப்பட்டார்கள். அம்பேத்கருக்கு 39 வயது. தாத்தாவுக்கு 71. மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தீண்டாமை என்றால் என்ன என்று கேட்டபோது, எங்கள் ஆள் தெருவில் விழுந்து கிடந்தால் மேல்சாதிக்காரர் தொட்டுத் தூக்க மாட்டார் என்று விளக்கியதாகத் தம் வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார்.

மன்னர் சந்திப்பைப் பற்றி மேடையில் நிறையப் பேசுகிறோம். அதைவிடப் பெரிய காரியம் இருவரும் சேர்ந்து சிறுபான்மையோர் துணைக்குழுவில் கொடுத்த கோரிக்கை அறிக்கை. மாணவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும். சம குடியுரிமை வேண்டும் என்று சொல்வதோடு அது நிற்கவில்லை. அந்த உரிமையைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்கிறது. ஊர்விலக்கத்தைத் தனிக் குற்றமாக வரையறுக்கிறது. நிலம், வீடு தர மறுப்பது, வேலை தர மறுப்பது, கொடுக்கல் வாங்கலை நிறுத்துவது எல்லாம் அதில் அடங்கும். பம்பாய் மாகாணத்தில் 1928இல் அமைக்கப்பட்ட ஒரு குழு நேரில் விசாரித்துச் சொன்னவற்றை ஆதாரமாகக் காட்டுகிறது. உரிமை கேட்டவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுகிறார்கள், கூலியை நிறுத்துகிறார்கள், கடைக்காரர் சாமான் தருவதில்லை என்று அந்தக் குழு எழுதியிருந்தது. கையில் விசாரணை அறிக்கை இருந்ததால்தான் லண்டனில் யாரும் அதைக் கற்பனை என்று தள்ள முடியவில்லை.

1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். மாகாணச் சட்டமன்றங்களில் நமக்கு 148 இடம், அதில் சென்னை மாகாணத்துக்கு 30. அண்ணலோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போனவர் என்று சொல்ல முடியாது. மதமாற்றம் பற்றிய பேச்சு வந்தபோது, நாம் இந்துக்களே அல்ல, பிறகு எதிலிருந்து மாறுவது என்ற கருத்தில் நின்றார். 1939இல் தம் வாழ்க்கைச் சுருக்கத்தை எழுதி வெளியிட்டார். 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார். ஓட்டேரியில் அவர் அடக்கமான இடத்தை இன்று உரிமைக் களம் என்று அழைக்கிறோம். திருவொற்றியூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம்.

தாத்தாவும் அண்ணலும் 1930இல் கேட்டது சட்டமாக வர நெடுங்காலம் ஆனது. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இல் வந்தது. 1976இல் அது திருத்தப்பட்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஆனது. ஊர்ப்பக்கம் பி.சி.ஆர். கேஸ் என்று சொல்வது அந்தப் பெயரின் மிச்சம். 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நிறைவேறி, 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்தது. சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு தண்டனைக்குரிய வன்கொடுமை என்று தெளிவாகச் சேர்க்கப்பட்டது 2016 ஜனவரி 26இல் அமலான திருத்தத்தில்தான். லண்டனில் கேட்டதற்கும் இதற்கும் இடையே 85 ஆண்டு.

இந்தச் சட்டம் தண்டனையைப் பற்றி மட்டும் பேசவில்லை. கணக்கையும் கேட்கிறது. சட்டம் எப்படி நடக்கிறது என்று மத்திய அரசு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்க வேண்டும். மாநிலத்தில் முதலமைச்சர் தலைமையிலான கண்காணிப்புக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையிலான குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். ஆக, நம் மீது நடக்கும் குற்றத்துக்குக் கணக்கு கேட்பது சலுகை இல்லை, சட்டப்படியான உரிமை.

கணக்கு எங்கே இருக்கிறது? தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் பட்டியல் சாதியினர் மீதான குற்றம் என்று தனி அத்தியாயமே உண்டு. அதன்படி 2021இல் நாடு முழுவதும் 50,900 வழக்கு, 2022இல் 57,582. தமிழ்நாட்டில் 2021இல் 1,377, 2022இல் 1,761. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் சுமார் 1 கோடியே 44 லட்சம். அப்படிப் பார்த்தால் லட்சம் பேருக்கு 12 வழக்கு.

இந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஓராண்டில் 384 வழக்கு கூடியிருக்கிறது. கொடுமை கூடிவிட்டது என்று ஒருவர் சொல்லலாம். புகார் கொடுக்கும் துணிவும் பதிவு செய்யும் வழக்கமும் கூடியது என்று இன்னொருவர் சொல்லலாம். பதிவான வழக்கின் எண்ணிக்கை வேறு, நடந்த குற்றத்தின் எண்ணிக்கை வேறு. ஒரு மாவட்டத்தில் வழக்கே இல்லை என்றால் அங்கே அமைதி நிலவுகிறது என்றும் இருக்கலாம், புகார் கொடுக்க ஆளில்லாத அளவுக்குப் பயம் நிலவுகிறது என்றும் இருக்கலாம்.

காவல் நிலையத்துக்குப் போனவர்களுக்கு இன்னொன்று தெரியும். புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். நம் ஆட்கள் அதையே வழக்குப் பதிவு என்று நம்பி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். முதல் தகவல் அறிக்கை போடாத வரை அந்தப் புகார் டெல்லியில் அச்சாகும் எந்த வழக்குக் கணக்கிலும் சேராது. போட்டாலும், ஒரே அறிக்கையில் பல குற்றம் இருந்தால் அவற்றில் பெரிய குற்றம் ஒன்றை மட்டுமே ஆவணக் காப்பகம் எண்ணும். சாதியைச் சொல்லித் திட்டியதும், அடித்ததும், வீட்டை உடைத்ததும் ஒரே வழக்கில் இருந்தால் கணக்கில் ஒன்றுதான்.

எல்லைக் குழப்பமும் உண்டு. திருவொற்றியூரையே எடுத்துக்கொள்வோம். தனி நகராட்சியாக இருந்தது 2011இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது 2018இல் சென்னை மாவட்டத்துக்கு வந்தது. 2022 ஜனவரியில் சென்னைக் காவல் ஆணையரகம் சென்னை, ஆவடி, தாம்பரம் என மூன்றாகப் பிரிந்தது. காவல் எல்லையும் மாநகராட்சி மண்டல எல்லையும் ஒன்றல்ல. எனவே சென்னையில் குற்றம் குறைந்தது, கூடியது என்று 2021ஐயும் 2022ஐயும் பக்கத்தில் வைத்து யாராவது எழுதினால், எந்த எல்லைக்குள் என்று முதலில் கேட்க வேண்டும். வடசென்னை என்பது எந்தக் காவல் மாவட்டம் என்று சொல்லாமல் வரும் எண்ணையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

எண்ணைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதை நாம் கண்முன்னே பார்த்தோம். 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் வன்கொடுமைச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கும் தீர்ப்பைத் தந்தது. வழக்குப் பதியும் முன் பூர்வாங்க விசாரணை நடத்தலாம், கைது செய்ய அனுமதி வேண்டும் என்றது. சட்டம் தவறாகப் பயன்படுகிறது என்பதற்கு அங்கே எண்களும் எடுத்து வைக்கப்பட்டன. 2015இல் நீதிமன்றங்கள் முடித்த 15,638 வழக்கில் 11,024 விடுதலை, 495 வாபஸ், 4,119 தண்டனை.

விடுதலை ஆனதெல்லாம் பொய் வழக்கா? சாட்சி பிறழ்ந்தால் விடுதலை. ஊர்ப் பெரியவர்கள் பஞ்சாயத்துப் பேசிப் புகார்தாரரைப் பணிய வைத்தால் விடுதலை. சாதிச் சான்றிதழைக் கோப்பில் சேர்க்காமல் விட்டால் விடுதலை. உரிய அதிகாரி விசாரிக்காவிட்டாலும் விடுதலை. காவல்துறையும் அரசு வழக்கறிஞரும் செய்யத் தவறியதற்கான கணக்கு, புகார் கொடுத்தவர் பொய் சொன்னதற்கான கணக்காகப் படிக்கப்பட்டது. ஏப்ரல் 2இல் நாடே அடைத்துப் போராடியது. வட மாநிலங்களில் உயிர்கள் போயின. அந்த ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்துச் சட்டத்தை மீட்டது. 2019 அக்டோபரில் நீதிமன்றமே தன் வழிகாட்டுதல்களைத் திரும்பப் பெற்றது.

ஆகவே மாணவர்களிடம் நாம் கேட்பது இதுதான். நாளிதழில் நம் வட்டாரத்தைப் பற்றி ஓர் எண் வந்தால் கோபப்பட்டு மடித்து வைக்காதீர்கள். எந்த ஆண்டு, எந்த எல்லை, கைதா, வழக்கா, தண்டனையா என்று கேளுங்கள். கைதானவர் எல்லாம் குற்றவாளி இல்லை என்பது நம் தெருப் பையன்களுக்கும் பொருந்தும்.

அச்சில் வராத எண்ணைக் கேட்டு வாங்க வழி இருக்கிறது. தேசிய அறிக்கையில் காவல் நிலையம் வாரியாக விவரம் இருக்காது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு காவல் ஆணையர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். கடந்த மூன்று ஆண்டில் வன்கொடுமைப் புகார் எத்தனை வந்தது, சி.எஸ்.ஆர். எத்தனை, முதல் தகவல் அறிக்கை எத்தனை, 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலானது எத்தனை, தண்டனை எத்தனை என்று நிலையம் வாரியாகக் கேட்கலாம். ஆட்சியர் அலுவலகத்துக்குத் தனி மனு போட்டு, கண்காணிப்புக் குழு எந்தெந்தத் தேதியில் கூடியது, பாதிக்கப்பட்டோருக்கு நிவாரணத் தொகை எத்தனை பேருக்குப் போனது என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. புகார் கொடுக்கப் போகும் நம் சனங்களிடம், முதல் தகவல் அறிக்கை நகலை இலவசமாகத் தர வேண்டியது சட்டம் என்று சொல்லி, அதை வாங்காமல் நிலையத்தை விட்டு வரவேண்டாம் என்று சொல்லுங்கள்.

மாலை வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து அப்படி இரண்டு மனு எழுதியிருக்கிறார்கள். கேள்விகளை அந்த மாணவியே வரிசைப்படுத்தினார். பதில் வந்ததும் இதே பகுதியில் எழுதுகிறோம். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை ஓட்டேரிக்கு அழைத்துப் போக எண்ணியிருக்கிறோம். 112 அடி மனுவைச் சுமந்தவரிடம் இரண்டு பக்க மனுவைக் காட்டிவிட்டு வரலாம்.